யோகராஜா ஏற்றாத கொடி

மன்னாரில் யோகராஜா ஒரு பள்ளிக்கூடத்தில் கிளாக்கராக இருந்தவர். ஆக்லாந்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு பொது மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. லின்ஃபீல்டில் இருந்து நியூ லின் போகிற பஸ் அந்த மண்டபத்து வாசலில்தான் நிற்கும். கதவைத் திறப்பது, கதிரைகளைப் போடுவது, திரும்ப அடுக்குவது, தரை மினுக்குவது, கழிவறை கழுவுவது. 1994 ஓகஸ்டில் வந்த வேலைக் கடிதத்தில் இவை எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசி வரி, பொது விடுமுறை நாட்களில் முற்றத்துக் கம்பத்தில் கொடி ஏற்றி மாலையில் இறக்க வேண்டும் என்றது.

அந்த வரியை அவர் பஸ்ஸில் இரண்டு தரம் வாசித்தார். வீட்டுக்கு வந்து மனைவி ஸ்ரெல்லாவிடம் மற்ற எல்லாவற்றையும் சொன்னார். அதை மட்டும் சொல்லவில்லை.

மண்டபத்தை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ள மெரெ என்றொரு மாவோரிப் பெண் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், குரல் பெரியது, முழங்கால் வருத்தம். கொடி நாட்களின் பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்தது அவர்தான். யோகராஜா பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொரு நாளாகக் கேட்டார். இது என்ன நாள் என்பதல்ல அவருடைய கேள்வி.

"இந்த நாளில் கொடி ஏற்றினால் யார் கோபிப்பார்கள்?"

மெரெ சிரித்துவிட்டார். "தொழிலாளர் நாளுக்கு யார் கோபிக்கப் போகிறார்கள்? ஒரு தச்சன், எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய மாட்டேன் என்றான். அதற்கு ஒரு லீவு. மகாராணியின் பிறந்தநாளா? அவர் பிறந்தது ஏப்ரலில். நாங்கள் ஜூனில் ஒரு திங்கட்கிழமை பார்த்துக் கொண்டாடுகிறோம். அதற்கும் யாரும் கோபிப்பதில்லை."

விரல் பெப்ரவரி ஆறுக்கு வந்தபோது மெரெ சிரிக்கவில்லை. "அந்த நாள் வரட்டும், பார்ப்போம்" என்றார்.

ஒக்ரோபரில் தொழிலாளர் நாள் வந்தது. காலை எட்டு மணிக்கு யோகராஜா கொடியை மடிப்புக் கலையாமல் கைகளில் ஏந்திக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். கயிற்றில் மாட்டுவதற்கு முன் தெருவின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். ஒரு கார் போய் மறையும்வரை காத்திருந்தார். கொடி மேலே போய்ச் சேர்ந்தபோது அவருடைய சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. நாயோடு நடந்து வந்த ஒரு கிழவி "நல்ல காலை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் நடந்தது. அவர் உள்ளே போய் மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். 

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது.

1990 கடைசியில் மன்னார்த் தீவு இராணுவத்தின் கைக்கு வந்தது. அடுத்த பெப்ரவரி நான்காம் திகதி சுதந்திர தினம். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சிங்கக் கொடி பறக்க வேண்டும் என்று முகாமில் இருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அன்று இரவே சுவர்களில் கையால் எழுதிய நோட்டீஸ்கள் ஒட்டப்பட்டிருந்தன. கொடி ஏற்றுகிறவன் துரோகி, துரோகிக்கு என்ன கிடைக்கும் என்பது தெரிந்ததுதானே என்று. கீழே பெயர் இல்லை. ஏற்றாவிட்டால் ஒரு பக்கம் கேட்கும், ஏற்றினால் மற்றப் பக்கம் கேட்கும். அதிபர் வயதானவர். "யோகராஜா, நீர்தான் ஏத்தவேணும். எனக்குக் கை நடுங்குது" என்றார்.

யோகராஜா சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். ஸ்ரெல்லா அழவில்லை. மகள் அஞ்சலினாவுக்கு அப்போது நாலு வயது. அவளை மடியில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு நீங்கள் போகாதேங்கோ. காய்ச்சல் எண்டு படுங்கோ" என்றாள். அவர் படுத்தார். காலையில் பள்ளிக்கூடக் காவல்காரன் மாரிசாமி சாவி வாங்க வந்தபோது, போர்வைக்குள் இருந்து "எனக்குச் சரியான காய்ச்சல். அதிபரிட்டச் சொல்லு" என்றார். யாரை ஏற்றச் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஆசிரியர்கள் யாரும் முன்வர மாட்டார்கள். அதிபருக்கும் கிளாக்கருக்கும் அடுத்தது காவல்காரன்தான்.

மாரிசாமி மலையகத்தவன். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து மன்னாரில் குடியேறிய குடும்பம். யோகராஜாவைவிட ஐந்து வயது மூத்தவன். இருந்தும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவான், யோகராஜா அவனை நீ என்பார். அன்று மாலை அவன் திரும்ப வந்து சாவியைக் கொடுத்தான்.

"ஏத்திட்டேங்க ஐயா. நடுவுல சிக்கிக்கிச்சு. கயித்த உதறி உதறித்தான் ஏத்துனேன். ஆமிக்காரன் பாத்துக்கிட்டே நின்னான்."

"ஆர் ஆர் கண்டது?"

"எல்லாருந்தாங்க" என்றான் மாரிசாமி.

ஏழாம் திகதி, வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவனைக் கடற்கரைப் பக்கம் யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. யார் சுட்டது என்று அப்போதும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. மரணச் சான்றிதழில் இனந்தெரியாதோர் என்று எழுதினார்கள். அவனுடைய மனைவி வசந்தமலர் இரண்டு பிள்ளைகளோடு படகேறி இராமேசுவரம் போய், மண்டபம் என்ற ஊரில் இருந்த அகதி முகாமில் சேர்ந்தாள். அதிபர் அடுத்த வருடம் நெஞ்சு வலியில் செத்துப்போனார். யோகராஜா குடும்பம் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் 1993இல் ஆக்லாந்து வந்து இறங்கியது.

லின்ஃபீல்டில் சபாரத்தினம் என்பவருடைய வீட்டின் பின் அறையில் மூன்று பேரும் இருந்தார்கள். அகதி விண்ணப்பத்துக்கு என்ன எழுதப் போகிறீர் என்று சபாரத்தினம் கேட்டார். யோகராஜா நடந்ததை நடந்தபடி சொன்னார். காய்ச்சலையும் சொன்னார்.

சபாரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி, இது காணாது. ஏத்தச் சொல்லிக் கேட்டவை, நீர் ஏத்தயில்லை, வேற ஒருத்தன் செத்தான். இதில உமக்கு என்ன ஆபத்து எண்டு கேப்பாங்கள். நீர்தான் ஏத்தினது எண்டு சொல்லும். உம்மைத் தேடி வந்தவங்கள், ஆள் மாறிக் காவல்காரனைச் சுட்டுட்டாங்கள். அவ்வளவுதான். ஆருக்கும் நட்டமில்லை."

நகர மையத்தில் ஏழாம் மாடியில் ஓர் அறை. அதிகாரி ஒரு பெண், மொழிபெயர்ப்பாளர் மலேசியத் தமிழர் ஒருவர். கொடியை ஏற்றியது யார் என்று அந்தப் பெண் கேட்டபோது யோகராஜா, "நான்தான்" என்றார். எப்படி ஏற்றினீர்கள், கொஞ்சம் விபரமாகச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. யோகராஜா யோசிக்கவே இல்லை. "நடுவில் சிக்கிவிட்டது. கயிற்றை உதறி உதறித்தான் ஏற்றினேன்" என்றார். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். நேரில் செய்தவனுக்குத்தான் இப்படி ஒரு விபரம் தெரியும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எட்டு மாதத்தில் அகதி என்று ஏற்றுக்கொண்டு கடிதம் வந்தது. ஸ்ரெல்லா கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யோகராஜா குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் வைத்தாங்கி நாள் 1995 பெப்ரவரி ஆறு. அதற்கு இரண்டு நாளைக்கு முந்திய திகதி அவருக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கொடியை ஏற்றிவிட்டு உள்ளே வந்தால், லீவு நாளிலும் மெரெ அலுவலகத்தில் இருந்தார். சின்னத் தொலைக்காட்சியில் வடக்கே நடந்த ஆர்ப்பாட்டத்தைக் காட்டினார்கள். மாவோரி இளைஞர்கள் கத்தினார்கள். பொலிஸார் வரிசையாக நின்றார்கள்.

"நீ கேட்டாயே, யார் கோபிப்பார்கள் என்று. நான்தான் கோபிக்கிறேன்" என்றார் மெரெ. "நீ கொடியை ஏற்று, அது உன் வேலை. இன்றைக்கு நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். போகும்போதும் பின் வாசலால் போவேன்."

ஏன் என்று யோகராஜா கேட்டார். மெரெ சுருக்கமாகச் சொன்னார். 1840இல் இதே நாளில், வைத்தாங்கி என்ற ஊரில் வெள்ளைக்காரரோடு ஓர் ஒப்பந்தம். ஆங்கிலத்தில் ஒரு தாள், மாவோரி மொழியில் ஒரு தாள். எங்கள் தலைவர்கள் பெரும்பாலும் கையெழுத்திட்டது எங்கள் மொழித் தாளில். நிலமும் அதிகாரமும் எங்களிடமே இருக்கும் என்றுதான் அதில் அவர்கள் வாசித்தார்கள். ஆங்கிலத் தாள் வேறு ஒன்றைச் சொன்னது. அலுவலகங்களில் பிறகு புரட்டிப் பார்த்தது அந்தத் தாளைத்தான்.

"நூற்றைம்பது வருடம் போய்விட்டது. ஒரு தாள் பொய் சொன்னால் அந்தப் பொய் செத்துப்போவதில்லை" என்றார்.

அவர் அதை யோகராஜாவுக்காகச் சொல்லவில்லை. யோகராஜாவைப் பற்றி அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. இருந்தும் யோகராஜாவுக்கு முகம் சூடேறியது. வாளியைத் தூக்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் போனார்.

ஏப்ரலில் அன்சாக் நாள் வந்தது. போருக்குப் போய்ச் செத்தவர்களை நினைக்கிற நாள். கொடியை உச்சிவரை ஏற்றி, பிறகு அரைக் கம்பத்துக்கு இறக்கி, மதியத்துக்குப் பிறகு திரும்ப உச்சிக்கு ஏற்ற வேண்டும். அன்று மெரெ கறுப்பு உடுப்பும் நெஞ்சில் சிவப்புப் பொப்பிப் பூவுமாக வந்து, அதே கொடிக்குக் கீழே அரை மணித்தியாலம் முழங்கால் வருத்தத்தோடு நின்றார். யோகராஜாவுக்கு விளங்கவில்லை. பிறகு மெரெ அவரை உள்ளே கூட்டிப்போய்ச் சுவரில் இருந்த மரப்பலகையைக் காட்டினார். செத்தவர்களின் பெயர்கள் பொன் எழுத்தில் இருந்தன. மேலிருந்து பதினான்காவது அவருடைய மாமா. பத்தொன்பது வயது, கிரீட் தீவில் செத்தவர்.

"நான் நின்றது கொடிக்காக இல்லை. இவருக்காக" என்றார்.

அன்று இரவு யோகராஜா ஸ்ரெல்லாவிடம், "ஒரே கொடிதான். ஒரு நாள் முதுகைக் காட்டுறா, ஒரு நாள் கீழ நிக்கிறா. ஆரும் அவவைச் சுடயில்லை" என்றார்.

"அது அவையின்ர நாடு" என்றாள் ஸ்ரெல்லா. "நாங்கள் எங்கட பாட்டைப் பாப்பம்."

1996 ஜனவரியில் வசந்தமலரின் கடிதம் வந்தது. யாரிடமோ விலாசம் வாங்கி மண்டபம் முகாமில் இருந்து எழுதியிருந்தாள். கனடாவில் இருக்கும் அவளுடைய தம்பி அவளையும் பிள்ளைகளையும் கூப்பிட விண்ணப்பித்திருக்கிறான். அங்குள்ள அதிகாரிகள், உன் கணவரை ஏன் சுட்டார்கள் என்று கேட்கிறார்கள். சான்றிதழில் காரணம் இல்லை. சுதந்திர தினத்தில் கொடி ஏற்றியதற்காகத்தான் என்று, அதை அறிந்த ஒருவர் சத்தியக் கடதாசி எழுதித் தந்தால் போதும். அதிபர் ஐயா இப்போது இல்லை. அந்தப் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான் ஐயா. தயவு செய்து எழுதி அனுப்புங்கள்.

ஸ்ரெல்லா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். வாசித்து முடித்ததும், "எழுதினா எங்கட ஃபைலில இருக்கிறது பொய் எண்டு ஆகும்" என்றாள்.

"ஓம்."

"திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அஞ்சலினாவையும்தான்."

"தெரியும்."

"அப்ப ஏன் பேனையைத் தேடுறியள்?"

பத்து நாள் அவர் ஒன்றும் எழுதவில்லை. வைத்தாங்கி நாளன்று கொடியை ஏற்றிவிட்டு, ஆளில்லாத மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து எழுதினார். மாரிசாமி எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் காவல்காரராக நேர்மையாக வேலை செய்தார். 1991 பெப்ரவரி ஏழாம் திகதி சுடப்பட்டு இறந்தார். அவருடைய குடும்பம் மிகவும் கஷ்டப்பட்டது. இப்படி ஒரு பக்கம். ஒவ்வொரு வரியும் உண்மை. கொடி என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டு, மறுநாள் தபாலில் சேர்த்தார். அந்த மறுநாள் ஏழாம் திகதி என்பது தபாற்பெட்டிக்குள் கடிதம் விழுந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அந்த வருடம் அன்சாக் நாளுக்கு மண்டபத்தில் பதினொரு மணிக்குக் கூட்டம். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து, தங்கள் குடும்பத்தில் தைரியமாக நடந்துகொண்ட ஒருவரைப் பற்றி எழுதி வாசிப்பார்கள். அஞ்சலினாவுக்கு ஒன்பது வயது. தமிழ் விளங்கும், வாயில் வருவது ஆங்கிலம்தான். அவள் என்ன எழுதினாள் என்று வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. சபாரத்தினம் வீட்டில் பெரியவர்கள் கதைத்ததைக் கேட்டு வைத்திருக்கிறாள் என்பது மேடையில் அவள் வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

யோகராஜா பின் கதவடியில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளை தாளைப் பார்த்து வாசித்தாள். என் அப்பாவின் ஊரில் சண்டை. கொடி ஏற்றினால் கொல்லுவோம் என்றார்கள். எல்லோருக்கும் பயம். என் அப்பா பயப்படவில்லை. கொடி பாதியில் சிக்கியது. அப்பா கயிற்றை உதறி உதறி மேலே ஏற்றினார். பிறகு கெட்டவர்கள் அப்பாவைத் தேடி வந்து, தவறுதலாக ஒரு காவல்காரரைச் சுட்டுவிட்டார்கள். இன்றைக்கு வெளியே பறக்கிற கொடியையும் ஏற்றியது என் அப்பாதான்.

கதிரைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டினார்கள். பதக்கம் குத்திய ஒரு கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்து யோகராஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிழவரின் கண் கலங்கியிருந்தது. "என் நண்பர்கள் ஏழு பேர் திரும்பி வரவில்லை. உன்னைப் போன்றவர்கள் இந்த நாட்டுக்கு வந்தது நல்லது" என்றார். யோகராஜா நன்றி சொன்னார். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கழுவு தொட்டியில் வாந்தியெடுத்தார்.

மெரெ பின்னாலேயே வந்தார். குழாயைத் திறந்துவிட்டார். யோகராஜா முகத்தைக் கழுவினார். துடைக்கவில்லை.

"ஏற்றியது நான் இல்லை" என்றார். பிறகு முழுவதையும் சொன்னார். அவருடைய ஆங்கிலத்துக்கு அது நீளமான கதை. இடையில் நின்று நின்று சொன்னார். போர்வைக்குள் கிடந்ததையும் சொன்னார், ஏழாம் மாடியில் சொன்னதையும் சொன்னார், பெப்ரவரியில் எழுதின கடிதத்தையும் சொன்னார்.

மெரெ அவரைத் தேற்றவில்லை. "அந்த மனிதனுக்குப் பெயர் என்ன?" என்று கேட்டார்.

"மாரிசாமி."

மெரெ அந்தப் பெயரைச் சரியாக வரும்வரை மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். "இதை என்னிடம் சொல்லி என்ன பயன்? அவருடைய மனைவியிடம் சொல்" என்றார். பிறகு மதியக் கொடிக்கு நேரமாகிறது என்று நினைவூட்டிவிட்டு நொண்டி நொண்டிப் போனார்.

அன்று பின்னேரம் யோகராஜா மகளை அடுப்படி மேசையில் தனக்கு முன்னால் உட்கார வைத்தார். "பிள்ளைக்கு ஏன் இதெல்லாம்? கொஞ்சம் வளரட்டும்" என்று ஸ்ரெல்லா மறித்தாள். அவர் நிறுத்தவில்லை.

அவர் சொல்லி முடிக்கும்வரை அஞ்சலினா கவனித்தாள். "அப்படியென்றால் யார் ஏற்றியது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மாரிசாமி."

"நீங்கள் அரசாங்கத்திடம் நீங்கள் என்று சொன்னீர்களா?"

"ஓம்."

"நான் எல்லோருக்கும் முன்னால் வாசித்தேனே."

"ஓம், பிள்ளை. அது உன்ரை பிழை இல்லை."

அவள் எழும்பி அறைக்குப் போனாள். கதவைச் சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அடுத்த நாள் மண்டபத்துப் பலகையில் குத்தியிருந்த அவளுடைய கட்டுரையை யோகராஜா கழற்றி எடுத்தார். அதைக் கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை நியூ லின்னுக்குப் போய் ஒரு சமாதான நீதவானைக் கண்டு, அவருக்கு முன்னால் கையெழுத்திட்டார். இந்தத் தடவை நான்கு பக்கம். கொடி எப்படி வந்தது, யார் ஏற்றச் சொன்னது, யார் படுத்துக்கொண்டது, யார் ஏற்றியது, எதற்காகச் சுட்டார்கள். ஒன்றையும் விடவில்லை. ஒரு பிரதி மண்டபம் முகாமுக்கு. இன்னொரு பிரதியைக் குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னபோது, அவருடைய அகதி விண்ணப்பத்தைப் பார்த்த சட்டத்தரணி கையைப் பிடித்தார். "யாரும் கேட்கவில்லையே. கேட்காததற்கு ஏன் பதில் சொல்கிறீர்கள்?" யோகராஜா அனுப்பினார். ஸ்ரெல்லா மூன்று கிழமை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு நாள் மட்டும், "படுங்கோ எண்டு சொன்னது நான். அதையும் எழுதினீங்களே?" என்று கேட்டாள்.

"இல்லை."

"எழுதியிருக்கலாம்" என்றாள்.

முகாமுக்குப் போன உறை ஓகஸ்டில் திரும்பி வந்தது. விலாசதாரர் இங்கே இல்லை என்று மூலையில் எழுதியிருந்தார்கள். முந்தின கடிதத்தில் ஒரு காரணமும் இல்லை என்று கனடாக்காரர்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள் என்பதும், அந்த மாதமே வசந்தமலர் பிள்ளைகளோடு களவாகப் படகேறி மன்னாருக்குத் திரும்பிவிட்டாள் என்பதும், யோகராஜா மன்னாரில் ஒரு கன்னியாஸ்திரிக்கு எழுதி விசாரித்த பிறகு தெரிய வந்தது. படகுக்காரன் இரவில் அவர்களை நடுக்கடலில் ஒரு மணல் திட்டியில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாள் தண்ணீர் இல்லை. சின்ன மகள் காய்ச்சலில் விழுந்து, ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் செத்துப்போனாள். அவளுக்கு எட்டு வயது.

யோகராஜா அந்த நான்கு பக்கத்தையும் புது உறையில் போட்டுக் கன்னியாஸ்திரி மூலம் அனுப்பினார். பதில் வருமென்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் டிசம்பரில் வந்தது. கொப்பித் தாளில் பென்சிலால் எழுதியிருந்தாள்.

'ஐயாவுக்கு. நீங்கள் எழுதியது கிடைத்தது. அதில் இருந்த ஆங்கிலத்தைச் சிஸ்டர் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். உங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அவருக்கும் தெரியும். சாவி வாங்க வந்தபோதே தெரிந்துகொண்டாராம். ஐயா பயந்து படுத்திருக்கிறார், பெரிய ஐயாவுக்கும் கை நடுங்குது, வேற யார் இருக்கா என்று சொல்லிவிட்டுத்தான் போனார். போக வேண்டாம் என்று நான் அழுதேன். உங்களிடம் கடிதம் கேட்டபோதும் எனக்கு இது தெரியும். தெரிந்துதான் கேட்டேன். இந்தத் தடவையாவது எழுதுவீர்கள் என்று நினைத்தேன். இப்போது இந்தக் கடிதம் ஒன்றுக்கும் உதவாது. தம்பியும் இனி முயற்சி செய்ய மாட்டேன் என்கிறான். சிஸ்டர்மாரின் மடத்தில் சமைக்கிறேன். மகன் படிக்கிறான். இனி எழுத வேண்டாம் ஐயா.'

அவர் பிறகு எழுதவில்லை.

குடிவரவு அலுவலகம் அவரை ஒரு தரம் கூப்பிட்டு விசாரித்தது. ஆறு மாதம் ஒரு செய்தியும் இல்லை. அந்த ஆறு மாதமும் ஸ்ரெல்லா ஒரு பெட்டியை அரைகுறையாக அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாள். கடைசியில் வந்த கடிதம் மூன்று வரிதான். அவர் சொன்னதைக் கோப்பில் சேர்த்திருக்கிறார்கள், இப்போதைக்கு மேல் நடவடிக்கை இல்லை. மன்னிப்பா, மறதியா, சோம்பலா என்று சட்டத்தரணிக்கே தெரியவில்லை. 'இப்போதைக்கு' என்ற சொல்லை ஸ்ரெல்லா விரலால் தொட்டுப் பார்த்தாள்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தபோது ஸ்ரெல்லாவும் அஞ்சலினாவும் விண்ணப்பித்தார்கள். யோகராஜா தன் படிவத்தை நிரப்பவில்லை. அதில், நீங்கள் முன்பு கொடுத்த தகவல்கள் எல்லாம் உண்மையா என்று ஒரு கேள்வி இருந்தது. எந்தப் பெட்டியில் குறி போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு பார்ப்போம் என்று மேசை லாச்சியில் வைத்தார்.

சத்தியப் பிரமாண விழா 1998இல் அவர் வேலை செய்த மண்டபத்திலேயே நடந்தது. நாற்பத்திரண்டு பேர். கதிரை போட்டது அவர், ஒலிவாங்கி வைத்தது அவர். ஸ்ரெல்லா பட்டுச் சேலையில் வந்து வலது கையைத் தூக்கி, மகாராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்றாள். அஞ்சலினாவுக்குப் பன்னிரண்டு நடக்கிறது. அவள் தாளைப் பார்க்காமல் சொன்னாள். ஒவ்வொருவருக்கும் ஒரு மரக்கன்று கொடுத்தார்கள். மெரெ மாவோரி மொழியில் வரவேற்றுப் பாடினார். அவருடைய முழங்காலுக்கு இப்போது தடி வந்திருந்தது.

எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு யோகராஜா கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். அஞ்சலினா கன்றைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் மறு பக்கத்து வரிசையில் இருந்து அடுக்கினாள். அந்த அன்சாக் நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை. அவர் அருகில் வந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போவாள். அதுவும் கோபத்தில் அல்ல, வழக்கமாகிப்போனது.

இரண்டு பேரும் நடு வரிசையில் சந்தித்தார்கள். கடைசிக் கதிரையை அவர் தூக்கினார்.

"அந்தச் சின்னப் பிள்ளை. மணல் திட்டியில் இருந்தவள்" என்றாள் அஞ்சலினா, ஆங்கிலத்தில். "அவளுக்குப் பெயர் என்ன?"

யோகராஜா கதிரையை அடுக்கின் மேல் வைத்தார். மாரிசாமியின் வீட்டுக்கு அவர் ஒரு நாளும் போனதில்லை. வசந்தமலர் எழுதிய இரண்டு கடிதத்திலும் பிள்ளைகள் என்றும் மகன் என்றும்தான் இருந்தது. கன்னியாஸ்திரியிடமும் அவர் கேட்கவில்லை.

"தெரியாது, பிள்ளை" என்றார்.

 அவள் கன்றை எடுத்துக்கொண்டு தாயிடம் போனாள்.